மாயப் பெண்ணுக்கு எதற்குப் பிறப்புச் சான்றிதழ்?

போன சனிக்கிழமை, நான் என் கணவரோடு பேசாமல் இருந்த நான்காவது நாள்.

எங்கள் புறநகரான லவாலில் இருந்து டவுன்டவுனுக்கு மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர். நடுவில் எங்கள் மகள் ஆரபி. பதினைந்து வயது. ஊதா நிறப் பொய்முடி, தோளில் தங்கப் பட்டி வைத்த ராணுவக் கோட்டு, அதற்குக் கீழே பிறந்தநாள் கேக் மாதிரி அடுக்கடுக்காக ஒரு பாவாடை. எதிரே இருந்த முதியவர் பிரெஞ்சில் ஏதோ பாராட்டினார். அவள் எழுந்து நின்று சல்யூட் அடித்துவிட்டு 'மெர்சி' சொன்னாள்.

ஏன் பேசவில்லை? சொல்கிறேன். ஆனால் அதற்கு முதலில் ஒரு ஜப்பானியக் கார்ட்டூனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கார்ட்டூன் இல்லை, அனிமே... இந்த வரியைப் பார்த்தால் ஆரபி எனக்கு அரைமணி நேரம் வகுப்பெடுப்பாள். பெயரை எழுதப் போவதில்லை. எப்படி எழுதினாலும் பிழை என்பாள்.

கதை இதுதான். பழைய காலத்து ஐரோப்பாவில் ஒரு பெரிய போர். அதை முடிக்க ஒரு சமாதானக் கடிதம் புறப்படுகிறது. அது போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் — அந்த இடத்தில் சரித்திரம் வேறு பாதையில் திரும்பிவிடுகிறது. போர் பல பத்தாண்டுகள் நீள்கிறது. கடைசியில் ஐந்து பள்ளிக்கூடச் சிறுமிகளுக்கு மாயசக்தி கிடைக்கிறது. ரிப்பனைச் சுழற்றுகிறார்கள், உடுப்பு மாறுகிறது, பறந்து போய் ஆகாயக் கப்பல்களை வீழ்த்துகிறார்கள். டிவித் தொடர், சினிமா, காமிக்ஸ், விளையாட்டு என்று ஒன்று மிச்சமில்லை. எங்கள் வீட்டில் சாவிகளைவிட அந்தச் சிறுமிகள் தொங்கும் சாவிக்கொத்துகள்தான் அதிகம்.

என் கணவர் போர்ப் படம் பார்க்க மாட்டார். செய்தியில் குண்டு விழுந்தாலே எழுந்துபோய் எதையாவது திருத்தத் தொடங்கிவிடுவார். எங்கள் வீட்டுக் குழாய்கள் இத்தனை நன்றாக இருப்பதற்கு அதுதான் காரணம். நான் ஒன்பது வயதிலேயே யாழ்ப்பாணத்தைவிட்டு இங்கே வந்துவிட்டேன். அவர் அங்கே போரை நேரிலேயே பார்த்துவிட்டு வந்தவர். கலியாணமாகிப் பத்தொன்பது வருடமாக, என்ன நடந்தது என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். 'அதெல்லாம் இப்ப என்னத்துக்கு' என்பார். அதோடு சரி.

அப்படிப்பட்ட மனிதர், ரிப்பனும் பாவாடையும்தானே என்று நினைத்து, கச்சான் கடலை கொறிக்க மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எழும்பவில்லை.

மூன்றாம் நாளே குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார். சிறுமிகள் உருமாற ஒரு முழுப் பாட்டு எடுக்கிறது. "உவை உடுப்பு மாத்துமட்டும் எதிரி என்ன தேத்தண்ணியே குடிக்கிறான்?" என்று கேட்டார். பதுங்குகுழி ஏன் ஒன்றுகூட இல்லை? பகலில் புகை வர அடுப்பு எரிப்பார்களா? அரிசி எங்கே இருந்து வருகிறது, ஒருவரும் வரிசையில் நிற்கவில்லையே? பேக்கரித் தொழிற்சாலையில் பாண் பொதிகளை மேற்பார்வை செய்கிறவர் வீட்டில் மாயச் சிறுமிகளின் படை நடவடிக்கைகளை மேற்பார்வை செய்தார்.

அவர் உண்மையிலேயே கொதித்தது ஊர் இடம்பெயரும் காட்சியில்தான். ஒரு சிறுமி முயல் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். இன்னொருத்தி வயலின்.

"வயலின் கொண்டு போயினமாம். பேர்த் சேர்ட்டிபிக்கட் ஒருத்தரும் எடுக்கேல்லை."

"அப்பா, அது மஜிக். மாயப் பெண்ணுக்கு எதுக்கு பேர்த் சேர்ட்டிபிக்கட்?"

"மஜிக் எண்டாலும் பேந்து ஒரு நாட்டில போய்ப் பதியத்தானே வேணும், பிள்ளை."

நான் அடுப்படியில் நின்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஆரபி பார்ப்பதோடு நிற்கிறவள் இல்லை. அந்த ஐந்து பேரோடு ஆறாவதாக ஊதா முடிக் கேப்டன் ஒருத்தியைத் தானே படைத்து, இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாகக் கதை எழுதுகிறாள். இதற்கென்றே உலகம் முழுக்க ரசிகர்கள் கூடும் தளம் இருக்கிறது. போன சனிக்கிழமை டவுன்டவுனில் நடந்த அனிமே விழாவில், ரசிகர்கள் எழுதிய கதைகளை மேடையில் வாசிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஆரபிக்கு ஐந்து நிமிடம் கிடைத்திருந்தது.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாம் அத்தியாயத்தைக் கணினியில் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் இருப்பது பொதுக் கணினி. அவர் உட்கார்ந்தார். தன் ஆங்கிலத்தில், இரண்டு விரலால் தட்டி, நாலைந்து வரியில் ஒரு பந்தியை நுழைத்தார். இடம்பெயரும்போது கேப்டன் பாதி வழியில் நிற்கிறாள், பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் சொப்பிங் பையை மறந்துவிட்டது நினைவு வருகிறது, தனியே திரும்பி ஓடுகிறாள். ஆரபி தலை துவட்டியபடி வந்து, படித்துப் பார்க்காமலே வெளியிட்டுவிட்டாள்.

கண்டுபிடித்தபோது வீடு இரண்டுபட்டது. கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஆனால் மறுநாள் பார்த்தால், வாசகர்கள் வேறு எதையும் பேசவில்லை. பிரேசிலில் ஒருத்தி, போலந்தில் ஒருவன், யாரென்றே தெரியாத பத்துப் பேர் — எல்லோருக்கும் ஒரே கேள்வி. அந்தப் பை கிடைத்ததா?

நான் பத்து வருடமாகப் பத்திரிகையில் இந்த வாரப் பத்தியை எழுதுகிறேன். எனக்குப் போலந்தில் இருந்து ஒருவரும் எழுதியதில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை, சாப்பாட்டு மேசையில் ஆரபி வெள்ளைக்கொடி காட்டினாள். "அப்பா, அவளுக்கு பை கிடைச்சதோ?"

அவர் பிட்டைக் குழைத்துக்கொண்டே, "கிடைச்சது. ஆனா பை மாறிப் போச்சு," என்றார்.

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. மாறி வந்த பையில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டாள். எனக்கு ஒருநாளும் இப்படிக் கேட்கத் தெரிந்ததில்லை.

அவர் சொன்னார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. ஊரே நடந்துகொண்டிருந்தது. பாதி வழியில் அம்மாவுக்குப் பை நினைவு வந்தது. இவர் திரும்பி ஓடினார். வீட்டு அலுமாரியில் இரண்டு பைகள் ஆணியில் தொங்கின. தொட்டுப் பார்த்தார், உள்ளே கடதாசி. இழுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார். அந்த மழைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து, இரண்டாம் நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் திறந்து பார்த்தால்... முழுக்கக் கலியாணக் கார்டுகள். ஊரார் உறவினர் எல்லோருடைய கலியாணக் கார்டுகளையும் அம்மா எறியாமல் சேர்த்து வைத்திருந்தாராம். நம் வீடுகளில் அந்தக் கார்டை யார்தான் எறிகிறார்கள்?

ஆரபி சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை. நான் சொதிக் கரண்டியோடு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. பத்தொன்பது வருடம் நான் கேட்டுக் கிடைக்காததை, ஊதா முடி வைத்த ஒரு கற்பனைக் கேப்டன் ஒரே வாரத்தில் வாங்கிவிட்டாளே!

பிறகுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. சான்றிதழ் தொலைந்தது சரி. சாதகம்?

அதுவும் அந்தப் பையில்தான் இருந்ததாம். அப்படியானால் நம் கலியாணத்துக்கு எதை வைத்துப் பொருத்தம் பார்த்தார்கள் என்று கேட்டேன். அவர் குழாய் ஏதோ ஒழுகுகிறது என்று எழும்பினார். நான் உட்கார வைத்தேன்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. பிறகு கொழும்பில் அவருடைய மாமாதான் அலைந்து திரிந்து, பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்துக்கொடுத்திருக்கிறார். அங்கே பிறந்த தேதி கேட்டார்கள். அம்மாவோடு தொடர்பு இல்லை, இவரும் அந்த நேரம் மாமாவோடு இருக்கவில்லை. மாமா தனக்குத் தெரிந்த ஒரே தேதியைச் சொன்னார் — தன் மகன் வரதனுடையதை. அந்தத் தேதி பாஸ்போர்ட்டில் ஏறியது. கலியாணப் புரோக்கர் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சாதகம் எழுதுவித்தார். பத்துக்கு எட்டுப் பொருத்தம். என் அப்பா அன்றைக்குப் பாயசம் வைக்கச் சொன்னார்.

வாசகர்களே, எனக்குப் பத்துக்கு எட்டு பொருந்தியது ஸ்கார்பரோவில் இருக்கும் வரதன் அண்ணாவோடு. நான் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுகிறவர். எந்தக் கொண்டாட்டத்திலும் மைக்கைப் பிடித்தால் விடாதவர்.

அதோடு முடிந்ததா? இல்லை. உண்மையான தேதியின்படி என் கணவர், இத்தனை நாள் நினைத்ததுபோல, என்னைவிட நாலு மாதம் மூத்தவர் இல்லை. ஏழு மாதம் இளையவர்.

இதற்குத்தான் நாலு நாள் பேசவில்லை.

விழா மண்டபத்தில் வாள்களுக்கும் இறக்கைகளுக்கும் நடுவே, தொழிற்சாலை ஜாக்கெட்டோடு அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆரபி ஐந்தாம் அத்தியாயத்துக்குப் புதிதாக எழுதிய முடிவைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வாசித்தாள். கேப்டன் மழையில் நடந்து வந்து பையைத் திறக்கிறாள். மற்றவர்களின் கலியாணக் கார்டுகள். கூட்டம் சிரித்தது. பிறகு கேப்டன் அந்தக் கார்டுகளில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து, இவர்கள் இப்போது எங்கே என்று கேட்கிறாள். ஒருவரும் சிரிக்கவில்லை. இவருக்குப் பிரெஞ்சு பாதிதான் புரியும். ஆனால் அந்தப் பெயர்கள் அவருடைய ஊர்ப் பெயர்கள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர்தான் மகளுக்குச் சொல்லியிருக்கிறார். அவர் தன் காலில் கிடந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். பேசவில்லை, பிடித்தேன். இரண்டும் வேறு வேறு.

திரும்பி வரும் மெட்ரோவில் எனக்கு மனம் கேட்கவில்லை. ஃபோனில் பொருத்தம் பார்க்கும் ஆப் ஒன்றை இறக்கினேன். நாலு நாளில் என் முதல் வார்த்தை, "உண்மையான திகதியை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சொன்னார். நேரம் கேட்டேன். காலையில் பால்காரன் வந்துபோன கையோடு என்று அவருடைய அம்மா சொல்வாராம். ஆறரை என்று போட்டேன். என் பழைய ஃபோனில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. ரயில் ஆற்றைக் கடந்து முடிக்கும்போது பதில் வந்தது.

பத்துக்கு இரண்டு.

சிவப்பு எழுத்தில், தவிர்ப்பது நல்லது என்று வேறு போட்டிருந்தது. ஃபோனை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவில்லை.

"ரெண்டுதானே," என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"உம்மட படம் வந்த கிழமை, சரியான திகதியைக் குடுத்து ஒரு ஐயரிட்டத் தனியாப் பாத்தனான். அவரும் ரெண்டெண்டுதான் சொன்னவர்."

"பேந்து?"

"பேந்தென்ன. படத்தைத் திருப்பிக் குடுக்க மனம் வரேல்லை."

நான் ஃபோனை அணைத்தேன். அவர் சரியான பையை எடுத்திருந்தால் சரியான சாதகம் இருந்திருக்கும். புரோக்கர் என் படத்தை அவருக்கு அனுப்பியே இருக்கமாட்டார். நான் வேறு யாருக்கோ சொதி வைத்துக்கொண்டிருப்பேன். நடுவில் இருக்கும் இந்த ஊதா முடி இருந்திருக்காது. அந்த அனிமேயில் கடிதம் போய்ச் சேராததால் போர் நீண்டது. எங்கள் வீட்டில் பை மாறியதால் ஒரு வீடே வந்தது.

ஊதா முடி அப்போது தன் ஃபோனில் வேகமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஆறாம் அத்தியாயம்.

இந்த வாரம் முடிக்கும்முன் ஒரு திருத்தம். என் கணவரும் வரதன் அண்ணாவும் ஒரே நாளில் பிறந்த அதிசயத்தைப் பற்றி முன்பு இதே பத்தியில் உருகி எழுதியிருந்தேன். தகவல் பிழை. பிழைக்கு வருந்துகிறேன்... கலியாணத்துக்கு இல்லை.