வாடாத பூ வாடகைக்கு

கல்யாண மேடையைத் துணிப் பூவாலும் பிளாஸ்டிக் பூவாலும் அலங்கரிக்கிற தொழிலில், ‘அழகா இருக்கே’ என்று சொல்கிற வாய் மூடுவதற்குள் கை பூவைக் கிள்ளிப் பார்த்துவிடும். சமையல், மேளம், வீடியோ என்று அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை நம்பிப் பிழைத்தவர்களே, உங்களிடம் சொன்னால்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும். எண்பதுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரத்துத் தையல் கிளாஸில் சாட்டின் ரோஜா செய்யக் கற்றுக்கொண்டேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். ‘வாடாத பூ வாடகைக்கு’ என்று வாசலில் போர்டு மாட்டித் தொலைத்தேன்.

மோந்து பார்த்த பெரியப்பா

என் கூட்டாளி ஏழுமலை. இருபது வருஷம் நிஜப் பூவில் மேடை கட்டிய ஆள். ஏணி, கம்பி, கட்டுகிற வேலை எல்லாம் அவர் பொறுப்பு. பூ என் பொறுப்பு. அனகாபுத்தூரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மேடை ஏறி, என் ரோஜாவுக்குள் மூக்கை விட்டு நன்றாக இழுத்துப் பார்த்தார். “பூ கீது, வாசனை எங்க கீது?” என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். சனமெல்லாம் சிரித்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழுமலைக்கோ மானமே போய்விட்டது. மறுவாரம் பாரிமுனைக்குப் போய் ஒரு பெரிய பாட்டில் மல்லிகை சென்ட் வாங்கி வந்தார். அன்றிலிருந்து மேடை கட்டி முடித்ததும் புஸ் புஸ்ஸென்று அடித்துவிட்டுத்தான் ஏணியை விட்டு இறங்குவார். “இனிமே எவனாச்சும் மோந்து பாக்கட்டும்க்கா, மூக்கு அங்கயே ஒட்டிக்கும்!” என்றார்.

எழுபது வரைக்கும் எண்ணினாள்

சேலையூரிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் தன் மகள் கல்பனாவோடு வந்தார். போர்டைக்கூடப் படிக்காமல், “மண்டபத்துல ஒரு நிஜப் பூ இருக்கக் கூடாதும்மா” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு வார்த்தையை அதுவரை ஒரு ஜீவனும் என்னிடம் சொன்னதில்லை.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். பெண்ணுக்கு வீசிங். மல்லி, சம்பங்கி வாசனை பட்டால் மூச்சு இழுக்கும். அதைச் சொன்னதால் இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது. அதனால் மூன்றாவது வீட்டில் வாயைத் திறக்கவில்லை. தாலி ஏறுகிற வரைக்கும் தெரியாமல் இருந்தால் போதும் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. “சார், மாலை மாத்தும்போது என்ன பண்ணுவீங்க? அது மாப்பிள்ளை வீட்டு மாலையாச்சே?” என்று கேட்டேன். கல்பனாதான் பதில் சொன்னாள்: “அதுக்குத் தினமும் மூச்சைப் புடிச்சுப் பழகறேன்க்கா. நேத்து எழுபது வரைக்கும் எண்ணிட்டேன்.”

எல்லாம் சொன்னேன், அதைத் தவிர

கூடுவாஞ்சேரி மண்டபத்தில் முதல் நாள் மாலை ரிசப்ஷன். ஏழுமலையிடம் என்ன கலர், எத்தனை வளைவு, எங்கே லைட் என்று எல்லாம் சொன்னேன். எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லவில்லை. நான் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள், வாத்தியார் வீட்டுக் கல்யாணமாயிற்றே என்று மனுஷன் ஆசை ஆசையாய்ப் பாட்டிலில் பாதியை மேடையில் காலி பண்ணியிருந்தார். மணம் வாசல் வரைக்கும் தூக்கியது.

பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்குள் மேடையில் நின்றாயிற்று. பத்து நிமிஷம் ஆகவில்லை, கல்பனா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளைப் பையன் பாவம், பயந்துபோய் ஜூஸை நீட்டினான். வாத்தியார் கீழே நின்று என்னைப் பார்த்தார் பாருங்கள், திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஏழுமலையை இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “இன்னாக்கா, முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? அந்தப் பொண்ணு மூச்ச நானே நிறுத்தப் பாத்தேனே!”

அண்டாவுக்குள் கல்யாண மேடை

லைட் ஒயரில் ஷாக் அடிக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி இருவரையும் கீழே இறக்கினோம். கல்பனா சமையலறைக்குப் பக்கத்து அறைக்கு ஓடி இன்ஹேலரை எடுத்தாள். நாங்கள் மேடையை உரித்தோம். சமையல்காரரிடம் கெஞ்சி ஒரு அண்டா வாங்கி, சோப்புத் தூளைக் கொட்டி, அத்தனை ரோஜாவையும் உள்ளே போட்டுக் கும்மிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து, தலை நிறைய மல்லிகையோடு காபி கேட்டு வந்தார் மாப்பிள்ளையின் அம்மா.

“கல்யாணப் பூவை எதுக்கும்மா துவைக்கறீங்க?”

“தூசிங்க” என்றேன்.

“மத்தியானம்தானே மாட்டினீங்க?”

“ஜிஎஸ்டி ரோட்டுத் தூசிம்மா, பேஜாரு” என்று ஏழுமலை தன் பங்குக்கு உளறினார்.

அறை வாசலில் கல்பனா வந்து நின்றாள். எங்கள் பக்கத்தில் நின்றிருந்த வாத்தியார் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் பார்க்கவே இல்லை. “எனக்கு வீசிங் அத்தை. பூ வாசனை ஒத்துக்காது. அப்பா மேல தப்பில்ல, நான்தான் சொல்ல வேணாம்னேன்” என்றாள். அதுவும் பொய்தான். என் கை அண்டாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. மூன்றாவது வரனும் என்னால் போயிற்றே என்று நினைத்தேன்.

 அந்த அம்மா தலையிலிருந்த மல்லிகையை உருவி, “இதை வெளிய வச்சிட்டு வாப்பா” என்று ஏழுமலையிடம் கொடுத்தார். இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டு, “காலையில மாலையும் உங்க துணியிலயே கட்டிடும்மா” என்றார் என்னிடம். வாத்தியார் கையைக் கூப்பிக்கொண்டு என்னவோ சொல்ல வந்தார். அந்த அம்மா விடவில்லை.

“விடுங்க சம்பந்தி. எம் பையன் குறட்டை விட்டா எதிர் வூட்டுக்குக் கேக்கும். நாங்க மட்டும் சொன்னோமா?”

வாசனை இல்லை, வாசனை இல்லை என்று ஊரெல்லாம் என்னைக் குறை சொல்லிக்கொண்டிருக்க, வாசனையே வேண்டாம் என்று தேடி வந்த ஒரே வீட்டுக்கு அதைப் பாட்டில் கணக்கில் அடித்துவிட்ட அலங்காரக்காரி தாம்பரம் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.