நேரில் வந்து காட்டிவிட்டுப் போகச் சொன்னவர்

லாண்டரியில் அவருக்கு ‘டாக்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மாத்திரையின் பெயரைக்கூட அவரால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஆனாலும் உடம்பு முடியவில்லை என்று யார் லீவு கேட்டாலும் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். பிறகு தீர்ப்புச் சொல்வார்.

“ஒண்ணுமில்ல, வெறும் சூடு. போய் வேலையப் பாரு.”

ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பும் இடம் அது. அவர் சூப்பர்வைசர். இஸ்திரி மேஜையில் தொடங்கி, முன்னங்கையெல்லாம் சூட்டுத் தழும்போடு மேலே வந்தவர். உடம்பு சரியில்லை என்று ஒரு நாளும் வீட்டில் படுத்ததில்லை. அதில் அவருக்கு அலாதிப் பெருமை. “நானெல்லாம் காய்ச்சலோட நின்னு இஸ்திரி போட்டவன். அந்த ஆவியிலயே காய்ச்சல் ஓடிப் போயிடும்” என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். பழையவர்கள் துண்டு மடிப்பதில் மும்முரமாகிவிடுவார்கள்.

ஓட்டல்கள் நிரம்பி வழிந்த ஒரு சமயம், ஒரே காலையில் பலர் போன் செய்து வரவில்லை என்றார்கள். ஈர விரிப்புகள் தள்ளுவண்டிகளில் மலையாகக் குவிந்து கிடந்தன. அன்றைக்குப் பார்த்து முதலாளி வந்தார். வரும் வழியில், வயிற்று வலி என்று சொல்லியிருந்த மூட்டை தூக்குகிறவன் சினிமா தியேட்டர் வாசலில் நிற்பதையும் பார்த்துவிட்டு வந்தார்.

“உன் தலையில நல்லா மிளகா அரைக்கிறாங்கய்யா. நீயும் குனிஞ்சு குடுத்துக்கிட்டு நிக்கிற” என்றார், எல்லோர் முன்னாலும்.

அந்தச் சொல் அவரைச் சுருக்கென்று குத்தியது. மறுநாளே சட்டம் போட்டார். போனில் சொல்வது செல்லாது. உடம்பு சரியில்லாதவர் நேரில் வந்து காட்ட வேண்டும். அவர் பார்த்து அனுப்பினால் போகலாம்.

சட்டம் வேலை செய்தது. லீவு குறைந்தது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். மடிப்பு மேஜையில் இருமிக்கொண்டே நின்றவர்கள் அவர் கண்ணில் படவில்லை.

மடிப்பு வேலை செய்த பெண்களில் ஒருத்தி அதிகம் பேசாதவள். அவள் மடித்த விரிப்பின் மூலைகள் கத்தியால் நறுக்கியதுபோல இருக்கும். புருஷன் லாரி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். இந்தச் சம்பளம்தான் வீட்டுக்குப் பிடிமானம். ஊரின் மறு கோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அவள் ஒரு காலையில் போன் செய்தாள்.

“சார், வயிறு சரியில்ல சார். ராத்திரியிலேருந்து போயிட்டே இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்…”

“வந்து காட்டிட்டுப் போம்மா.”

“பஸ்ல உக்கார முடியாது சார்.”

“எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. உனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் போட முடியுமா?”

“சரி சார்” என்றாள்.

வெயில் ஏறிய பிறகு வந்தாள். வந்தவள் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே, சுற்றுச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். துப்பட்டாவை இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தாள். வாட்ச்மேன் கூப்பிட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் வந்து சொன்னதும் அவர் எரிச்சலோடு வெளியே போனார்.

“என்னம்மா, வெத்தல பாக்கு வெச்சு அழைச்சாத்தான் உள்ள வருவியா?”

அவள் தரையைப் பார்த்தாள். “சார்… பஸ்லயே…”

அவள் முடிப்பதற்குள் வாடை அவருக்குச் சொல்லிவிட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்க்க எழுந்த கை பாதியில் நின்றது. மடிப்பு மேஜைப் பெண்களும் மூட்டை தூக்குகிறவனும் அவர் பின்னால் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள்.

“காட்டிட்டேன்ல சார். போகட்டுமா?” என்றாள்.

அவளுக்குக் கோபமில்லை. உண்மையாகவே அனுமதிதான் கேட்டாள்.

துவைக்கும் பகுதியில் வேலை செய்த மூத்தவளை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். அவள் ஈரக் கையோடு வந்து, “தள்ளுங்க” என்று அவரை ஒதுக்கிவிட்டு, அந்தப் பெண்ணின் தோளை அணைத்துக்கொண்டாள். “வா கண்ணு. ஆம்பளைங்கள்லாம் உள்ள போங்கடா, இங்க என்ன வேடிக்கை?” என்று ஒரு அதட்டல் போட்டாள். யாரோ ஓட்டல் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். யாரோ தன் மாற்றுத் துணியைக் கொடுத்தார்கள். ஒருத்தரும் அவரிடம் உத்தரவு கேட்கவில்லை. தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் வாசலிலேயே நின்றார்.

துணி கொண்டுபோகும் வேனில் பெரியக்காவே அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். வந்ததும் அவரிடம் சொன்னாள்: “வழியெல்லாம் ‘மன்னிச்சிருங்கக்கா’ன்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டே வந்தா. அவ என்ன தப்பு பண்ணினா, நான் மன்னிக்க?”

அன்று வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. “என்னங்க, காய்ச்சலா?” என்று மனைவி கை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் எல்லோரையும் கூட்டி, இனிமேல் போனில் சொன்னால் போதும் என்றார். யாரும் கைதட்டவில்லை. துண்டு மடிக்கும் சத்தம்தான் கேட்டது. முதலாளி காரணம் கேட்டபோது, “ஏய்ச்சா ஏய்ச்சுட்டுப் போறாங்க சார்” என்றார். மூட்டை தூக்குகிறவன் நிஜமாகவே ஏய்த்தான். புதுப்படம் வரும்போதெல்லாம் அவனுக்கு வயிறு வலித்தது. தெரிந்தும் விட்டுவிட்டார்.

உடம்பு தேறி அவள் வேலைக்கு வந்ததும், மாடிப்படி ஓரமாகக் கூப்பிட்டார்.

“அம்மா, அன்னிக்கு நான் பண்ணினது…”

“சார், அந்தப் பேச்ச எடுக்காதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். எல்லாரும் இப்பத்தான் மறந்துட்டு வர்றாங்க.”

சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு திரும்பினார். மன்னிப்புக் கேட்டால் நம் பாரம் இறங்கும் என்றுதான் கூப்பிட்டிருக்கிறோம், அவள் பாரம் என்ன ஆகும் என்று நினைக்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு அவள் லீவே போடவில்லை. மழைக்காலத்தில் ஒருமுறை குரல் கட்டிப்போய், கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றாள்.

“வீட்டுக்குப் போம்மா. சம்பளம் பிடிக்க மாட்டேன்.”

“இல்ல சார், பரவாயில்ல. முடியும்.”

இரண்டாம் முறை சொன்னார், மூன்றாம் முறை கெஞ்சினார். அவள் விரிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவள் முன்னால் இருந்த குவியலில் பாதியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று மடிக்கத் தொடங்கினார். இஸ்திரிக்காரர் கைக்கு மடிப்பு வரவில்லை, மூலைகள் கோணின. அவள் இருமிக்கொண்டே, அவர் மடித்து வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து, மறுபடியும் மடித்து அடுக்கினாள்.