ரசமட்டம் வைத்த டிரைபாட்

1. மொசைக் தரையில்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் மீன்வளத் துறைக்கு ஒரு சின்னக் கேமரா வந்தது. பழவேற்காடு ஏரிக் குப்பங்களில் தகராறு வந்தால் படம் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எழுத்தராக இருந்த நான், தங்கை கல்யாணத்தில் நாலு படம் எடுத்த ஒரே குற்றத்துக்காக அலுவலகப் புகைப்படக்காரன் ஆக்கப்பட்டேன்.

கேமராவை நிறுத்தும் முக்காலியான டிரைபாட் வாங்க மவுண்ட் ரோட்டுக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மரம். அதைத் தூக்க ஒரு ஆளும், தூக்குகிறவன் திட்டுவதைக் கேட்க இன்னொரு ஆளும் வேண்டும். மற்றது அலுமினியம். ஒவ்வொரு காலும் நான்கு துண்டாக உள்ளே போய், கடைசியில் குடை அளவுக்குச் சுருங்கிவிடும். உச்சியில் குட்டி ரசமட்டம் வேறு. குமிழி நடுவில் நின்றால் கேமரா சமமாக இருக்கிறது என்று அர்த்தம். கடையின் மொசைக் தரையில் விரித்து, அழுத்தி, ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை, வாங்கிவிட்டேன். மொசைக் தரையில் எதுதான் அசையும் என்ற கேள்வி எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இதை எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும்.

அலுவலகத்துக்குத் திரும்ப அனுப்பம்பட்டில் ரயிலை விட்டு இறங்கியபோது, வேட்டைக்குப் போகும் ஜமீன்தார் மாதிரி அதைத் தோளில் சாய்த்திருந்தேன். எங்கள் அதிகாரி குமிழியைப் பார்த்துச் சொக்கிப்போனார். இதே மாதிரி இன்னும் ஆறு வேண்டும் என்று அன்றைக்கே எழுதிப் போட்டார்.

2. கல்லுக்கு மேல்

ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்களைக் குப்பங்கள் முறைவைத்துப் பிடிக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். எல்லைக்குத் தண்ணீரில் ஒரு கம்பம் நட்டிருப்பார்கள். அது சரியான இடத்தில்தான் நிற்கிறதா என்று பார்க்க நாடா, சங்கிலி எதுவும் கிடையாது. கரையோரம் ஒரு பழைய கல் உண்டு. அதன்மேல் நின்று பார்த்தால், தூரத்துக் கலங்கரை விளக்கம் கம்பத்துக்குப் பின்னால் மறைய வேண்டும். வெளியே தெரிந்தால் யாரோ கம்பத்தைப் பிடுங்கி நட்டிருக்கிறார்கள்.

கிழக்குக் குப்பம் கம்பத்தை நகர்த்திவிட்டது என்று மேற்குக் குப்பத்தார் மனு கொடுத்தார்கள். அது நிரூபணமானால் கிழக்குக் குப்பத்துக்கு அந்தப் பருவத்தின் பாடு கிடையாது. நாற்பது வீடு. மழைக்காலத்து இறாலை வைத்துத்தான் அவர்களுக்கு வருஷம் ஓடும். கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். மேற்கத்திக் கண்ணுக்குக் கலங்கரை விளக்கம் வெளியே தெரிந்தது, கிழக்கத்திக் கண்ணுக்கு மறைந்திருந்தது. எங்கள் அதிகாரிக்குக் கண்ணாடி போட்டாலும் அக்கரை தெரியாது. ஆகவே, பொய் சொல்லத் தெரியாத கேமரா.

வெயில் ஏறினால் கானல் ஆடும் என்பதால் விடியும் முன்பே போனோம். கல் முழங்கால் தண்ணீரில் கிடந்தது, சுற்றிலும் சேறு. அரையிருட்டில், கேமரா கல்லுக்கு நேர் மேலே வரும்படி டிரைபாடை விரித்தேன். வெளிச்சம் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று அதிகாரி இரண்டு குப்பத்துக்கும் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். நன்றாகப் பேசினார், நீளமாகவும் பேசினார். முடித்தபோது குமிழி ஓரத்துக்கு ஓடியிருந்தது. நான் டிரைபாடின் தலையைத் திருகிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, படத்தை எடுத்துவிட்டேன்.

பெரிதாக்கிப் போட்ட பிரதியில் கலங்கரை விளக்கம் கம்பத்துக்கு வெளியே தனியாக நின்றது. அதிகாரி என் முதுகில் தட்டினார்.

3. துறைக் குழாய்

பாடு ரத்து என்ற ஆணை டைப் ஆகி வந்த அன்று, கிழக்குக் குப்பத்திலிருந்து தேசப்பன் வந்தார். என் வயதுதான் இருக்கும். கம்பு நட்டு வலை கட்டுகிறவர். படத்தைக் காட்டச் சொல்லி, வெகுநேரம் பார்த்தார். கம்பத்தைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில் தோணித்துறையில் தோணி கட்ட நட்ட இரும்புக் குழாயில் விரலை வைத்தார்.

"கல்லு மேல நின்னா இந்தக் கொழாய் அந்த ஒத்தப் பனைக்கு நேரா நிக்கும் சார். இதுல பனை வெளிய வந்துகீது. கம்பத்த நாங்க நவுத்தினோம்னே வச்சிக்க. துறைக் கொழாயையுமா புடுங்கி நட்டோம்?"

குழாய் சிமெண்டில் புதைத்தது. படம் எடுத்த அன்று டிரைபாடைக் கழுவியது நினைவுக்கு வந்தது. இரண்டு கால்களில் கணுக்கால் அளவுக்குச் சேறு, மூன்றாவதில் முழங்கால் அளவுக்கு. அதைத் தேய்த்துப் பளபளவென்று துடைத்து வைத்த கெட்டிக்காரன் நான்தான். ஒற்றுமைப் பேச்சு நடந்தபோது ஒரு கால் இறங்கியிருக்கிறது, கேமரா கல்லைவிட்டு ஒரு சாண் விலகியிருக்கிறது. ரசமட்டம் சமமாக இருக்கிறதா என்றுதான் சொல்லும். எங்கே இருக்கிறோம் என்று அது சொல்லாது.

எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பிறகு, பேனாவைத் திறந்துகொண்டிருந்த அதிகாரியிடம், நகர்ந்தது கம்பமில்லை, நான்தான் என்று சொன்னேன்.

அவர் பேனாவை மூடவில்லை. "குழாயும் நகர்ந்திருக்குன்னு ஒரு வரி சேர்த்துட்டா என்னய்யா?"

"அதுக்கும் படம் கேப்பாங்க சார்" என்றேன். பேனா மூடப்பட்டது.

மறுபடி போனோம். தேசப்பனும் மேற்குக் குப்பத்து ஆள் ஒருவரும் சேர்ந்து மூன்று சவுக்குக் கம்புகளைச் சீவி, வலைக்கம்பு நடுவது போல ஆட்டி ஆட்டி, கெட்டித் தரை தட்டும்வரை இறக்கினார்கள். மேலே பலகை. டிரைபாடின் தலையை மட்டும் கழற்றி அதில் திருகினேன். அதிகாரியிடம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கலங்கரை விளக்கம் கம்பத்துக்குப் பின்னால் ஒழுங்காக மறைந்தது. மேற்குக் குப்பத்தாரும் பொய் சொல்லவில்லை. கல்லைச் சுற்றிச் சேறு என்று ஒதுங்கி நின்று பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பாடு கிழக்குக் குப்பத்துக்கே நின்றது.

அரசு உடைமையான டிரைபாடை அனுமதியின்றிக் கழற்றியதற்காக எனக்கு மெமோ வந்தது. அதே வாரம் ஆறு புது டிரைபாடுகளும் வந்தன, ஆறிலும் குமிழி.

ஓய்வு பெறும்வரை நான் தூக்கியது துண்டு குறைந்த, கனத்த காலுள்ள, பைக்குள் அடங்காத ஒன்று. சேற்றில் அமிழாமல் நிற்க, கால்களுக்கு அடியில் கட்ட வலையின் மிதவைக் கட்டைகள் மூன்று பையில் இருக்கும். நீங்களும் வாங்கப் போனால் கடைத் தரையில் ஆட்டிப் பார்க்காதீர்கள். நாளைக்கு எங்கே நிற்கப் போகிறதோ அங்கே விரித்து, அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். படம் ஆடிப்போனால் கவலையில்லை, பார்க்கிறவனே தூக்கி எறிந்துவிடுவான். நான் எடுத்ததில் இம்மியும் ஆடாத, மிகத் தெளிவான படம் அந்த முதல் படம்தான். நாற்பது வீட்டு அடுப்பை அது அணைத்திருக்கும்.