பழைய எழுத்துருவில் ஏழு பக்கங்கள்

நான் காஜா பேராங் பகுதியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்தே மலாய்ப் பத்திரங்களைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுப்பவள். அதற்கென்று ஒரு கணினியை வாங்கி முன்னறையில் வைத்து, எனக்குத் தட்டச்சுப் பழக்கியவர் என் கணவர். அவர் இறந்த மறுவருடம் அது மிகவும் மந்தமாகிவிட்டது. புதிய விண்டோஸ் அதில் ஏறாது என்றார்கள்.

விடுமுறைக்கு வந்திருந்த மகள், "லினக்ஸ் போட்டுடலாம்மா. இன்னும் அஞ்சு வருஷம் ஓடும் லா" என்றாள்.

"அப்பாவோட கோப்பெல்லாம்?"

"பென்டிரைவ்ல எடுத்துட்டேன். ஒன்னும் போகாது."

விண்டோஸ் அழியும்போது நான் சமையலறைக்குப் போய்விட்டேன். பார்க்க மனம் வரவில்லை. மதியத்துக்குள் புதுத் திரை வந்தது. என் மொழிபெயர்ப்புகள் ஒழுங்காகத் திறந்தன. அவருடைய கோப்பு மட்டும் வெறும் குறிகளாக நின்றது. ஓய்வு பெற்றபின் தம் சின்ன வயது நினைவுகளை அதில்தான் எழுதி வந்தார். "முடிச்சிட்டுத்தான் காட்டுவேன்" என்பார். அவர் போனபின் அதைத் திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மகளின் முகம் வாடிவிட்டது. "பழைய எழுத்துருவுல அடிச்சிருக்காரும்மா. அது விண்டோஸோட போயிடுச்சு. நான் கவனிக்கல."

அந்த எழுத்துருவை ஒரு குறுவட்டிலிருந்து அவர் ஏற்றியது நினைவுக்கு வந்தது. அலமாரியை இருவருமாகக் கவிழ்த்துத் தேடினோம். வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் கிடைத்தது. மகள் அதை ஏற்றியதும் குறிகள் தமிழாயின. மொத்தம் ஏழு பக்கங்கள்.

நான் வாசித்தேன். மலாயாவின் சுதந்திரச் செய்தியைக் கேட்க அவரும் அவர் அப்பாவும் திடலுக்கு நடந்தே போயிருக்கிறார்கள். நெரிசலில் அவருடைய ஒரு செருப்பு தொலைந்துவிட்டது. அழுத பிள்ளையைப் பார்த்த அப்பா, தம் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாராம். வெயிலில் இருவரும் வெறுங்காலோடு வீடு திரும்பினார்களாம். 'வாசலில் நின்ற அம்மா எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு' என்பதோடு எழுத்து நின்றிருந்தது.

"பாட்டி என்னம்மா சொன்னாங்க?"

"தெரியலடி. ஒரு நாளும் கேட்டதில்ல."

முப்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். எவ்வளவோ பேசினோம்.

லினக்ஸ் எனக்குப் பழகிவிட்டது. வேலையும் வேகமாக நடக்கிறது. சில காலைகளில் பத்திரங்களை எடுப்பதற்கு முன் ஏழாம் பக்கத்துக்குப் போய் அந்த வரியை வாசிப்பேன். மாமியார் திட்டினாரோ, சிரித்தாரோ. அதை என் கணவர் சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருக்கும்.