அண்ணன் டாக்ஸியில் நான் மாட்டிய கேம் ஷாஃப்ட்

அறுபதுகளில் மாட்டுங்காவில் ஒரு கராஜில் மெக்கானிக்காக இருந்தேன். அண்ணன் செம்பூரில் குடியிருந்து சொந்தமாக டாக்ஸி ஓட்டினார். அந்த எஞ்சினைத் தொட என்னைத் தவிர வேறு யாரையும் விடமாட்டார்.

பந்தயத்தில் கார் ஓட்டும் வாடிக்கையாளர் ஒருவர், அண்ணன் வண்டியின் அதே மாடலான தன் காரிலிருந்து கழற்றிய கேம் ஷாஃப்டை வேண்டாமென்று விட்டுப் போனார். வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற தண்டு அது. எந்த எஞ்சினிலும் புகை போகிற வால்வு மூடி முடிவதற்குள், பெட்ரோலும் காற்றும் வருகிற வால்வு திறக்கத் தொடங்கிவிடும். கொஞ்ச நேரம் இரண்டுமே திறந்திருக்கும். பந்தயத் தண்டில் அந்த நேரம் அதிகம். வேகமாக ஓடும்போது வெளியேறும் புகையே புதுக் காற்றை இழுத்து வந்துவிடும், எஞ்சின் சீறும். மெதுவாக ஓடினால் பழைய புகை உள்ளேயே தங்கி, நெருப்புச் சரியாகப் பிடிக்காமல் திணறும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அதை அண்ணன் வண்டியில் மாட்டினேன். அவருடைய தண்டு தேய்ந்திருந்தது உண்மை. ஆனால் என் கைவேலையைப் பார்த்து அவர் அசந்துபோக வேண்டும் என்ற ஆசைதான் பெரிதாக இருந்தது.

டிராம்பே ரோட்டில் அசந்துதான் போனார். "ஏலே, என்னலே செஞ்ச? பறக்குல்லா!"

ஒரு வாரத்தில் கராஜுக்கு வந்து நின்றார். "சிக்னல்ல நின்னா காடி பந்த் ஆயிருதுலே. வேற தண்டு போட்டுரு."

"ஸ்லோ ஸ்பீடைக் கொஞ்சம் கூட்டி வைக்கேண்ணே. சரியாப் போயிரும்."

என்னை நம்பினார்.

மதினிக்கு அப்போது மாதம் நெருங்கியிருந்தது. எட்டு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. ஒருநாள் காலை நான் அங்கே இருந்தபோதே வலி கண்டது. மூவரும் டாக்ஸியில் கிளம்பினோம். சயானை நெருங்கும்போது ஆபீஸ் நேரத்து நெரிசல். பஸ்களுக்கு நடுவில் ஊர்ந்த வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது. செல்ஃப் சுற்றிச் சுற்றி பேட்டரி ஓய்ந்தது. நான் இறங்கி முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். பிளக்குகள் பெட்ரோலில் நனைந்து கிடந்தன. "காடி ஹட்டாவ்!" என்று வண்டியை ஓரங்கட்டச் சொல்லிப் போலீஸ்காரர் கத்தினார். உள்ளே மதினி என் அண்ணனின் சட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். வேறு டாக்ஸி கிடைத்து அவர்கள் போக வெகுநேரம் ஆயிற்று.

பிளக்குகளைத் துடைத்து மாட்டினேன். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது. நெரிசலைத் தாண்டியதும் வண்டி சீறிக்கொண்டு போனது. அவ்வளவு அருமையாக ஓடிய எஞ்சினை அதன் பிறகும் நான் கேட்டதில்லை. காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். பையன். மூச்சில்லாமல் பிறந்திருந்தான். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

 மறுவாரம் அண்ணன் வேறு கராஜில் தண்டை மாற்றிக்கொண்டார். அவர்களுக்கு அப்புறம் பிள்ளை இல்லை.

நெடுநாள் கழித்து, எனக்கும் அண்ணனுக்கும் சாப்பாடு போட்டுக்கொண்டே மதினி கேட்டாள்: "அன்னைக்கி வண்டி ஏன் தம்பி நின்னுச்சி?"

தண்டைப் பற்றி அண்ணன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"பிளக் நனைஞ்சிட்டு மைனி" என்றேன்.

அண்ணன் நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.