சாமிக்குத் தெரிந்துபோன குறட்டை

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கஸ்டமர் சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்தே என் தலை நரைத்தது. போன வருடம் ஓய்வு பெற்றேன். கிளைம் எப்படிச் செய்வது என்று இப்போது புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. வாயை எப்படி மூடிக்கொண்டிருப்பது என்பதை அது சொல்வதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் என் பாஸ் பிலோமினா மேடம் எடுத்தது ஒரே ஒரு பாடம்.

"இங்க பாரு மாலா, ஸ்கிரீன்ல பாத்தது ஸ்கிரீனோட போச்சு. புருஷன பத்தி பொண்டாட்டி கேட்டாலும் சொல்லாத. பொண்டாட்டிய பத்தி புருஷன் கேட்டாலும் சொல்லாத. சாமியே வந்து கேட்டாலும் மொதல்ல ஐசி கேளு."

அடையாள அட்டையைத்தான் இங்கே ஐசி என்போம். சாமி எங்கள் கவுண்டருக்கு எதற்கு வரப்போகிறார் என்று அப்போது சிரித்துக்கொண்டேன்.

1. புருஷனும் பொண்டாட்டியும்

தனபாலன் அண்ணன் பிரிக்பீல்ட்ஸில் கர்ட்டன் கடை வைத்திருப்பவர். கடையில் அவர் பேசினால் எல்.ஆர்.டி. ரயில் ஸ்டேஷன்வரை கேட்கும். நான் வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து, ஒரு நாள் என் கவுண்டரில் குனிந்து கிசுகிசுத்தார்.

"மிஸ், வீட்டுக்கு லெட்டர் எதுவும் அனுப்பாதீங்க. ஈமெயில் போதும்."

"ஏன் அண்ணே?"

"வீட்ல தெரிஞ்சா சூசா லா, பெரிய தொல்லையாயிடும்."

ஸ்கிரீனைப் பார்த்தேன். குறட்டைக்காக ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுத்துச் செய்துகொண்ட தூக்கப் பரிசோதனை. ரிப்போர்ட்டில் 'சிவியர்' என்று போட்டிருந்தது. ஈப்போவில் ஒரு கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனதாக அவரே சொன்னார். கிளைம் சுத்தமாக இருந்தது, பாஸ் ஆனது. குறட்டையை வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு அக்கா வந்து உட்கார்ந்தார். பரமேஸ்வரி என்று பெயர்.

"தங்கச்சி, குறட்டைக்கு வைத்தியம் பாத்தா இன்ஷூரன்ஸ் கட்டுமா?"

"யாருக்கு அக்கா?"

"எனக்குதான். நான் குறட்ட விட்டா வீடே ஆடுதுன்னு எங்க வீட்டுக்காரர் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றாரு. பாவம், அவரு தூங்கறதே இல்லையாம்."

கிள்ளானில் இருக்கும் இவருடைய அக்கா தங்கைகள் வருடா வருடம் குளிர் மலையான கேமரன் ஹைலண்ட்ஸுக்குப் போய் ஒரே ரூமில் தங்குவார்களாம். மூட்டு வலி என்று பொய் சொல்லி இவர் ஒருமுறைகூடப் போனதில்லை.

"என்னால அவங்க தூக்கம் கெடக்கூடாதுல்ல. ஆனா இந்த வருசமாச்சும் போகணும்னு ஆசையா இருக்கு."

அவருடைய பாலிசியைத் திறந்தேன். வாரிசு: கணவர் தனபாலன், கர்ட்டன் வியாபாரம். எனக்கு நாக்கு நமநமவென்று அரித்தது. பிலோமினா மேடம் ஓய்வு பெற்று எங்கோ டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் என் பின்னால் நின்று முறைப்பதுபோலவே இருந்தது.

"உங்களுக்கு நெசமாவே குறட்ட இருக்கான்னு மொதல்ல ஒரு டெஸ்ட் எடுங்க அக்கா."

"டெஸ்ட் எதுக்கு? அவரு பக்கத்துலயே படுத்துக் கேக்கறாரே."

வந்த கோபத்தில் ஸ்டேப்ளரை எடுத்து, சும்மா கிடந்த காகிதத்தைக் குத்தித் தள்ளினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடமும் மூட்டு வலிதான் என்று நினைத்து மனம் கஷ்டமாகிவிட்டது.

2. வெள்ளிக்கிழமை அர்ச்சனை

அந்தச் சமயத்தில்தான் பிரிக்பீல்ட்ஸில் நான் போகும் கோயிலில் அர்ச்சனைக்கு ஒரு ஆப் வந்தது. கைப்பேசியிலேயே அர்ச்சனைக்குப் பதிந்துகொள்ளலாம். இன்ஷூரன்ஸ் கணக்கோடு இணைத்துவிட்டால் பெயரையும் பிறந்த தேதியையும் அதுவே எடுத்து, பிறந்த நேரத்தை மட்டும் நாம் தட்டினால் நட்சத்திரத்தையும் கண்டுபிடித்துப் போட்டுவிடும். எல்லாம் குருக்கள் முன்னால் இருக்கும் டேப்லட்டில் வரும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த குருக்கள் அதைப் பார்த்து மைக்கில் வாசிப்பார். பக்தர் கொடுத்ததைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது அவர் கொள்கை.

அன்றைக்கு நல்ல கூட்டம். தனபாலன் அண்ணன் பட்டு வேட்டியில் முன்வரிசையில் நின்றார். பக்கத்தில் பரமேஸ்வரி அக்கா பூத்தட்டோடு நின்றார். நான் தூண் ஓரம்.

குருக்கள் கணீரென்று ஆரம்பித்தார். "சுவாதி நக்ஷத்ரே, துலா ராசௌ ஜாதஸ்ய, தனபாலன் நாமதேயஸ்ய, சிவியர் ஸ்நோரிங், ஸ்லீப் ஸ்டடி, ஒன் நைட் அட்மிஷன், கிளைம் அப்ரூவ்ட், நிவர்த்யர்த்தம்…"

மணி அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். தனபாலன் அண்ணன் கண்ணை இறுக்க மூடி, பக்தியில் மூழ்கிவிட்டவர்போல நின்றார்.

"ஈப்போல கல்யாணம்னீங்க" என்றார் அக்கா. மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"தனபாலன்னு ஊர்ல நெறைய பேரு இருக்காங்க லா."

"எல்லாரும் சுவாதி நட்சத்திரமா?"

தட்டை அவர் கையில் திணித்துவிட்டு அக்கா பிரகாரம் சுற்றப் போய்விட்டார். நான் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கவுண்டரில் இத்தனை வருடம் அடக்கிய சிரிப்பு வேறு, இது வேறு.

3. திங்கட்கிழமை

கதவு திறந்ததும் தனபாலன் அண்ணன் முதல் ஆளாக வந்தார்.

"மிஸ், உங்க கம்பெனி என் ரெக்கார்ட சாமிகிட்ட குடுத்துருச்சு."

ஐசி கேட்டேன். வாங்கிப் பார்த்துவிட்டு அவர் அனுமதி கொடுத்த பக்கத்தைத் திறந்து காட்டினேன். பெயர், பிறந்த தேதி, பாலிசி, ஆஸ்பத்திரி, நோய் என்று தனித்தனிக் கட்டங்கள். எல்லாவற்றிலும் டிக்.

"நட்சத்திரத்துக்கு பொறந்த தேதி போதுமே அண்ணே. நோய் வெவரத்த ஏன் குடுத்தீங்க?"

"கோயில் ஆப்பாச்சே. சாமிகிட்ட என்னத்த ஒளிக்கிறதுன்னு எல்லாத்தையும் தட்டிட்டேன்."

ஆப் செய்த கம்பெனிக்கு போன் போட்டேன். எடுத்த தம்பிக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை. "பிரார்த்தனைய டைப் பண்ண யாருக்கும் பொறுமை இல்ல அக்கா. அதான் கடைசி கிளைம்ல இருக்கறத எடுத்து பிரார்த்தனைக் கட்டத்துல போட்டுடறோம். அது நல்ல வசதி லா" என்றான். வசதியை உடனே நிறுத்தச் சொன்னேன். அன்றைக்கே எங்கள் மேலிடத்துக்கும் எழுதி அந்த இணைப்பைத் துண்டிக்க வைத்தேன்.

தனபாலன் அண்ணன் எழுந்திருக்கவில்லை.

"மிஸ், அந்த ரெக்கார்டு தப்புன்னு ஒரு லெட்டர் குடுங்க. கம்ப்யூட்டர் கோளாறுன்னு. வீட்ல காட்டணும்."

"குடுக்கலாம் அண்ணே. ரெக்கார்டு தப்புன்னா கிளைமும் தப்பு. ஆஸ்பத்திரி பில்ல நீங்கதான் கட்டணும்."

மனிதர் உண்மையிலேயே உட்கார்ந்து யோசித்தார். கடைசியில் பெருமூச்சு விட்டு ஐசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வேணாம் மிஸ். அவ நம்ப மாட்டா. நேத்து நான் தூங்கும்போது போன்ல ரெக்கார்ட் பண்ணி கிள்ளானுக்கு அனுப்பிட்டா."

4. மறு வெள்ளி

பிள்ளைகளே, பாடம் இவ்வளவுதான். எந்த ஆப் கேட்டாலும், அது கோயிலுடையதே ஆனாலும், கட்டம் கட்டமாகப் படித்துவிட்டுத் தட்டச் சொல்லுங்கள். வேலைக்குத் தேவையானதை மட்டும் கொடுத்தால் போதும். வாடிக்கையாளருக்குப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் நீங்கள் படித்துக் காட்டுங்கள். சாமியிடம் ஒளிக்க ஒன்றுமில்லை, சரி. ஆனால் சாமிக்குப் பக்கத்தில் மைக் இருக்கிறது.

மறு வெள்ளி கோயிலில் பரமேஸ்வரி அக்காவைப் பார்த்தேன். ஆப் எதுவும் இல்லாமல் நேராகக் குருக்களிடம் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினார். பின்னால் தனபாலன் அண்ணன், அக்காவின் புதுக் கம்பளிச் சட்டை இருந்த பையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"பிரார்த்தனை என்னம்மா?" என்று கேட்டார் குருக்கள்.

"நாளைக்கு அக்கா தங்கச்சிங்களோட கேமரன் ஹைலண்ட்ஸ் போறேன் சாமி. எல்லாரும் ஒரே ரூம்ல தூங்கப்போறோம்." அக்கா திரும்பித் தன் கணவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அதையும் மைக்குலயே சொல்லிடுங்க."

குருக்கள் ஒரு சொல்கூடக் குறைக்காமல் சொன்னார்.