ஜீப்புக்கு அடியில் ஊற்று

மாதனூர் அருகே, பாலாற்றின் நடுவிலுள்ள மணல்திட்டைத் தீவு என்று சொல்லித்தான் நண்பர்கள் கூடாரம் போடக் கூட்டி வந்தார்கள். சுற்றிலும் வெறும் மணல். எது ஆறு, எது தீவு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நாங்கள் வந்த, நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பட்டாளத்து ஜீப் அச்சு வரை புதைந்து கிடக்கிறது. காலையிலிருந்து சக்கரத்தைச் சுற்றித் தோண்டுகிறோம். முழங்கால் ஆழத்தில் தண்ணீர் கசிகிறது.

நிமிர்ந்தால், ஜீப்புக்குப் பின்னால் பெண்கள் குடங்களோடு வரிசையாக நிற்கிறார்கள்.

“என்னம்மா வேணும்?”

“தண்ணிதான். தோல் பதனிடுற ஷாப்புக் கழிவால ஊர்க் கெணறெல்லாம் உப்பு,” என்கிறாள் முதலில் நிற்பவள். “ஆத்துல யார் ஊத்து தோண்டினாலும் எல்லாரும் மொண்டுக்குவோம்.”

“இது ஊத்து இல்லம்மா. வண்டியை எடுக்கத் தோண்டினோம்.”

அவள் குழியைப் பார்க்கிறாள். பிறகு என்னைப் பார்க்கிறாள்.

“தண்ணி வருதில்ல? அப்போ ஊத்துதான். வண்டிய இப்போ ஆட்டாதீங்க, கலங்கிடும்.”

கொட்டாங்கச்சியால் மொள்ள ஆரம்பித்துவிடுகிறாள். எங்கள் ஜீப்பை எடுக்க யாரிடம் கேட்பது? ஒன்றும் புரியாமல் கடைசிக் குடத்துக்குப் பின்னால் போய் நிற்கிறேன். ஜீப்பை ஓட்டி வந்த நண்பர் கூஜாவோடு வந்து எனக்குப் பின்னால் நிற்கிறார்.